பட்டறையும் பாடநூலும்

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே வாழ்கிறது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. சென்ற ஆண்டுவரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் என் அண்ணன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அருகே, நெடுஞ்சாலையோரத் தகரக் கொட்டகை ஒன்றில் வண்டிகளின் ஏ.சி.யைப் பழுது பார்ப்பது அவர் தொழில்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே நின்றார். விடுமுறை நாள்களில் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போவேன். அங்கே கண்டதையும் அதுபற்றி என் மனத்தில் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பங்குனி வெயில் ஏறியதும் கார்க்காரர்கள் வரத் தொடங்குவார்கள். “கூலிங் இல்லப்பா, கேஸ் போட்டு விடு” என்பதே எல்லோர் வாயிலும் வரும் சொல். பெட்ரோலைப் போலக் குளிரூட்டும் வாயுவும் ஓட ஓடத் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதுவன்று. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது அல்லவா? காரிலும் அதே தத்துவந்தான். கூலிங் காயிலுக்குள் நீர்மம் ஆவியாகி உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு அது மீண்டும் நீர்மமாகிறது. பானை நீர் காற்றோடு போய்விடும். இதுவோ மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. ரப்பர் ஓஸ் வழியே பல ஆண்டுகளில் சிறிது குறையலாம். ஆனால் ஆண்டுதோறும் கேஸ் போட வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள்.

முறையாகச் செய்வதானால், எஞ்சியுள்ள வாயுவை முதலில் மீட்பு இயந்திரத்தால் உருளையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். கெட்ட ஓ-ரிங்கை மாற்றி, வாக்குவம் பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஈரம் தங்கினால் குறுகிய வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். கடைசியில் தராசில் எடை பார்த்து வாயுவை ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் நேரம் வேண்டும், கருவி வேண்டும். அவசரக்காரருக்கோ பத்து நிமிடத்தில் குளிர் வேண்டும். மீட்பு இயந்திரம் இல்லாத பட்டறையில் பழைய வாயு ‘உஸ்’ என்ற ஓசையோடு காற்றில் கலக்கிறது.

பழைய கார்களில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. இவ்வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கக் கூடும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர்கள் 1974-இல் எச்சரித்தனர். 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. 2008-இல் இந்தியா, மருத்துவத் தேவை நீங்கலாக, இவ்வாயுக்களின் உற்பத்தியை நிறுத்தியது. கார்களில் அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,300 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. ஒரு காரிலிருந்து அரைக் கிலோவைக் காற்றில் விடுவது சுமார் 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். குளிர்ச்சி தேடிப் போய் வெப்பத்தை விலைக்கு வாங்குகிறோம்!

இதையெல்லாம் படித்த பெருமிதத்தில் ஒரு நாள் அண்ணனிடம், “நீங்க செய்யறது தப்புண்ணா” என்று விரிவுரையே நிகழ்த்திவிட்டேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. “அந்தக் காத்துலதாண்டா உன் புத்தகமெல்லாம் வந்துச்சு” என்றார். சற்றுப் பொறுத்து, “மிஷின் விலைக்கு இன்னொரு ஷெட்டே போடலாம். கேஸை வீணாக்க எனக்கு மட்டும் ஆசையா?” என்றார். அவர் வலக்கை விரல்களில் இரண்டின் நுனி வெளுத்துத் தடித்திருக்கும். பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையில் கொதிக்கும் நீர்மம் தெறித்து, தோல் உறைந்துபோன தழும்பு அது. கையுறை வாங்கித் தருவார் அந்நாளில் யாரும் இல்லை. கொதிநிலையை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அவர் விரலால் படித்தார். எனக்குப் பேச நா எழவில்லை.

குற்றம் பட்டறைக்காரரிடம் மட்டும் இல்லை என்பதே என் கருத்து. கசிவைத் தேடும் உழைப்புக்குக் கூலி தர மறுத்து, “கேஸ் மட்டும் போடு” என்று அவசரப்படுத்தும் வாடிக்கையாளருக்கும் பங்குண்டு. படித்தும் பேசாமல் இருக்கும் நமக்கும் பங்குண்டு.

2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வகுத்தது. நல்ல திட்டம். ஆனால் நான் சொன்ன பிறகே அண்ணன் அதனைக் கேள்விப்பட்டார். இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை 2021-இல் ஏற்ற நம் நாடு, 2032 முதல்தான் குறைக்கத் தொடங்கும். அதற்கிடையே 2025 முதல், புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கும் ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. வெயிலில் வெந்த ஓட்டுநர்களுக்கு அது நியாயமே. ஆயினும் எங்கள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் எத்தனை! அவை பழுதாகும் நாளில் நிற்கப்போவது இத்தகைய கொட்டகைகளின் முன்புதானே?

ஆகவே, ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து ஒரு மீட்பு இயந்திரம் வாங்க எளிய கடன் வேண்டும். மாலை நேரப் பயிற்சி வேண்டும். பள்ளிப் படிப்பைக் கேளாமல் கைத்திறனைச் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். நம் கல்லூரியும் ஆண்டில் ஒரு நாள் இந்தத் தொழிலாளரை அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். நாம் அறிந்ததை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்போம். முதல் தாளை எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

நண்பர்களே, அடுத்த முறை வண்டியில் குளிர் குறைந்தால் “கேஸ் போடு” என்று சொல்லாதீர்கள். “கசிவைப் பாருங்கள், காத்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த அரை மணி நேரப் பொறுமையை என் அண்ணனைப் போன்றவர்களுக்குத் தாருங்கள்.