பெயர் பொருந்தவில்லையாம்!

வடசென்னையில் ஓர் ஆலை நொடிக்கத் தொடங்கினால் அதனை முதலில் அறிபவன் ஆலைவாயிலில் தேநீர்க்கடை வைத்திருப்பவனே. காலை முறைக்கு வரும் கூட்டம் மெலிகிறது. கடன் கணக்கு நீள்கிறது. பின்னர் ஒருநாள் வாயிற்கதவில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. அத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இருபதாண்டு உழைத்தவன் தன் பிழைப்புப் போன செய்தியைப் பக்கத்தில் நிற்கும் படித்த பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம், தண்டையார்ப்பேட்டை ஆகிய பகுதிகளுக்கு இது புதிதன்று. பக்கத்துப் பெரம்பூரில் நூற்றாண்டு கடந்த பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புக் கனிமமும் கையாளக் கூடாதென உயர்நெறிமன்றம் தீர்ப்பளித்ததால், 2011 அக்டோபரிலிருந்து அவ்வேலை எண்ணூருக்குப் பெயர்ந்தது. இராயபுரத்து வீடுகளின்மேல் கரித்தூள் படிவது குறைந்தது நன்மையே. ஆனால் அக்கரியை ஏற்றியும் இறக்கியும் பிழைத்தவர்கள் எங்கே போனார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நின்றது. நிலைத்த பணியாளர்க்கு வேறிடம் கிடைத்தாலும், ஒப்பந்தக் கூலிகளுக்கு வாயில் மூடியதோடு எல்லாம் முடிந்தது.

வேலையிழந்தவனுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இருப்பது அவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இங்குப் பேசப்படும் செய்தி.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தை எல்லாரும் மருத்துவமனை என்றே அறிவர். அயனாவரத்துக்குப் போனால் மருந்து கிடைக்கும் என்பதோடு அவர்கள் அறிவு நின்றுவிடுகிறது. திங்கள் ஊதியம் 21,000 உருபாவுக்கு மேற்படாத தொழிலாளியிடமிருந்து ஒவ்வொரு திங்களும் முக்கால் விழுக்காடும், முதலாளியிடமிருந்து மூன்றேகால் விழுக்காடும் இக்கழகத்திற்குப் போகின்றன; 2019 சூலையிலிருந்து இதுவே கணக்கு. 18,000 உருபா வாங்குபவன் பெயரில் திங்கள்தோறும் 135-உம் 585-உம் ஆக 720 உருபா கட்டப்படுகிறது. இப்பணத்திலிருந்துதான் வேலையில்லாக் காலத்து உதவித்தொகையும் தரப்படுகிறது. ஆகவே அஃது எவரும் இரங்கி இடும் ஈகையன்று.

அவ்வுதவிக்கு இரண்டு வழிகள் வகுக்கப்பட்டன. 2005 ஏப்பிரலில் தொடங்கிய முதல் திட்டம், ஆலைமூடலாலோ சட்டப்படியான ஆட்குறைப்பாலோ வேலையிழந்தவர்க்கு உரியது. பணியைச் சாராத நோயாலோ ஊறாலோ நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத நிலைத்த முடம் அடைந்து வேலையிழந்தவர்க்கும் உண்டு. தொடக்கத்தில் ஆறு திங்கள் மட்டுமே கொடுத்தார்கள். பின்னர் இரண்டாண்டு வரை நீட்டித்து, முதலாண்டு ஊதியத்தில் பாதியும் இரண்டாமாண்டு காற்பங்கும் என்றாக்கினர். உதவித்தொகை பெறும் காலமெல்லாம் குடும்பத்திற்கு மருத்துவமும் உண்டு. இரண்டாவது திட்டம் 2018 சூலையில் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, தொண்ணூறு நாள் வரைக்கும் காற்பங்கு ஊதியம் என்று தொடங்கியது. மகுடைத் தொற்றுக் காலத்தில், 2020-இல், அதனைப் பாதி ஊதியமாக உயர்த்தினர். தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும் என்றிருந்ததை முப்பது நாளாகக் குறைத்தனர். முதலாளி வழியாகத்தான் வேண்டுகைப் படிவம் வரவேண்டும் என்ற கட்டையும் எடுத்தனர். நாளுக்கு 600 உருபா ஊதியம் பெற்றவனுக்கு நாளொன்றுக்கு 300 வீதம் 27,000 உருபா ஆகும். இது நிலையான சட்டவுரிமையாக இல்லாமல், தவணை தவணையாக நீட்டிக்கப்படும் ஏற்பாடாகவே வைக்கப்பட்டிருப்பதால், எந்நாள் வரை நடப்பில் உள்ளதென்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டறிய வேண்டும்.

இனி, இத்திட்டங்களின் பெயர்களைக் கேளுங்கள். ஒன்று, 'இராசீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோசனா'. மற்றொன்று, 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோசனா'. எண்ணூர்த் தொழிலாளியின் காதில் இவை எவ்வாறு விழும்? 'கல்யாண்' என்றதும் மகள் திருமணத்திற்கு ஏதோ தருகிறார்கள் போலும் என்று அவன் எண்ணினால் அவன்மேல் குற்றம் உண்டா? 'யோசனா' என்பதை அவன் யாரோ சொல்லும் யோசனை என்று கொண்டால் சிரிக்கத்தான் முடியுமா? 'வேலையிழந்தோர் உதவித்தொகை' என்று இரண்டு சொல்லில் எழுதியிருந்தால் ஆலைவாயிலில் எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிந்திருக்கும். 1976-இல் நடுவணரசு வகுத்த ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் என்று தொடக்கத்திலேயே கூறுகின்றன. நீங்கலாக வைத்த நாட்டில்தான் உதவித்தொகையின் பெயர் இந்தியில் தொங்குகிறது.

பெயர்ச் சிக்கல் இத்தோடு முடியவில்லை. திட்டத்தின் பெயரையாவது எழுத்தர் ஒருவர் விளக்கிவிடுவார். தொழிலாளியின் சொந்தப் பெயர் படும் பாடுதான் பெரும்பாடு.

அ. தமிழழகன் என்று ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். தமிழில் அவன் பெயரை ஒரே வகையாகத்தான் எழுத முடியும். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்திற்கு ஆலை எழுத்தர் 'எல்' இட்டிருப்பார். ஆதார் அட்டை எடுத்த பிள்ளை 'இசட்'டும் 'எச்'சும் இட்டிருப்பான். வைப்பகத்தில் இரண்டு ழகரத்திற்கு இரண்டு வகை எழுத்து விழுந்திருக்கும். இனி முன்னெழுத்து. தந்தை பெயர் அரங்கன். ஓரிடத்தில் அகரம் முன்னே நிற்கும். ஓரிடத்தில் பின்னே தொங்கும். வேறோரிடத்தில் 'குடும்பப்பெயர் எங்கே?' என்று கட்டம் கேட்க, அரங்கன் முழுமையாய்ப் போய் அங்கே உட்கார்ந்திருப்பார். தமிழனுக்குக் குடும்பப்பெயர் ஏது? முன்னெழுத்தையும் தமிழிலேயே இடவேண்டும் என்று தமிழ்நாட்டரசு 2021-இல் ஆணையிட்டது. நடுவணரசின் கணிப்பொறிக்கு அந்த ஆணை எட்டவில்லை. மூன்று ஆவணத்திலும் மூன்று தமிழழகன்கள். பணம் கேட்டுப் போனால், பெயர் பொருந்தவில்லையாம்! பெயரைத் திருத்த முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்பார்கள். முதலாளியோ ஆலையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டவர்.

ஆகையால் வேலை இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டிய வேலை இது. ஈட்டுறுதி அட்டை, வருங்கால வைப்புநிதிக் கணக்கு, ஆதார், வைப்பகப் புத்தகம் ஆகிய நான்கையும் ஒருநாள் மாலை பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிறந்த நாளையும் பார்க்கவேண்டும். தொழிற்சங்கங்கள் ஊர்வலத்துக்குக் கொடி தைப்பதில் காட்டும் அக்கறையில் காற்பங்கை இதற்குக் காட்டினால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த வடசென்னை மண்ணில்தான் தோன்றியது, திரு.வி.க. போன்ற தமிழறிஞர்கள் தமிழில் பேசித்தான் ஆலைத்தொழிலாளரை எழுப்பினார்கள்.

வரலாற்றில் இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் போவதற்கில்லை. பிரித்தானியர் தம் நாட்டில் 1911-லேயே சட்டம் இயற்றி, குறிப்பிட்ட சில தொழில்களில் வேலையிழந்தோர்க்குக் கிழமைக்கு ஏழு சில்லிங்கு கொடுத்தனர். அதே பிரித்தானியரின் பின்னி ஆலையில் 1921-இல் வேலைநிறுத்தம் நடந்தபோது இங்குள்ள தொழிலாளர்க்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. பின்வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் கூறு, வேலையில்லாக் காலத்தில் அரசுதவி பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. 'பொருள் வலிமைக்கு உட்பட்டு' என்று கூடவே ஒரு கயிற்றையும் கட்டிவைத்திருக்கிறது.

எல்லாவற்றினும் கொடிய பொறி ஒன்றுண்டு. ஆட்குறைப்புச் செய்யும் முதலாளிகள் பலர் அதனை ஆட்குறைப்பு என்று எழுதுவதில்லை. தொழிலாளியை உள்ளே அழைத்து, 'கணக்கு முடிக்கவேண்டும், இதில் கையெழுத்திடு' என்று ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டுவர். அது பணிவிலகல் கடிதம். கையெழுத்து விழுந்த நொடியில், வேலை பறிக்கப்பட்டவன் தானே விலகிப் போனவனாகிறான். தானாக விலகியவனுக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. ஆட்குறைப்பைப் பற்றுக்கோடாகக் கொண்ட ஈட்டுறுதி உதவியும் இல்லை. ஒரு திங்கள் முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம், பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியம் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழிற்றகராறுச் சட்டம் வகுத்ததை, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் விட்டுவிடவில்லை. ஆட்குறைக்கப்பட்டவன் புதுத்தொழில் பழகுதற்கென முதலாளி மேலும் பதினைந்து நாள் ஊதியத்தை ஒரு நிதியில் கட்டவேண்டும். நாற்பத்தைந்து நாளுக்குள் அது தொழிலாளி கணக்கில் சேரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அதே சட்டம், அரசின் முன்னிசைவு பெற்றே ஆட்குறைக்க வேண்டிய ஆலைகளின் அளவை நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்த்திவிட்டது. பதினைந்து நாள் ஊதியத்தை ஒரு கையால் கொடுத்து, நடுத்தர ஆலைகளின் தொழிலாளர்க்கிருந்த காவலை மறு கையால் எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும்.

'சரக்கில்லை, சில நாள் வீட்டிலிருங்கள்' என்று நிறுத்துவது வேறு. அங்கு வேலை போகவில்லை. ஓராண்டுப் பணி நிறைந்தவர்க்கு, ஐம்பது பேருக்குக் குறையாத ஆலைகளில், அந்நாள்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் பாதி உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பாதி ஊதியத்தையும் கேளாமல் விட்டவர் பலர்.

ஐந்தாண்டு நிறைந்தவர்க்குப் பணிக்கொடை தனியே உண்டு. கடைசி ஊதியத்தைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து, பணியாண்டால் பெருக்கினால் தொகை வரும்; 18,000 உருபாவில் பத்தாண்டு பணிசெய்தவனுக்கு அது 1,03,846 உருபா. விலகினாலும் விலக்கினாலும் இது பெரும்பாலும் போகாது. வருங்கால வைப்புநிதியில், வேலை விட்ட நாளை முதலாளி பதியாமல் இழுத்தடித்தால், கடைசித் தொகை கட்டிய இரண்டு திங்களுக்குப் பின் தொழிலாளி தானே பதிந்துகொள்ள 2020-லிருந்து வழியுண்டு. இதற்காக இடைத்தரகர்க்கு ஆயிரமும் இரண்டாயிரமும் அழவேண்டா.

தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்குவார்களா என்று அஞ்சுவோர் உளர். அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் கூறு, குறைதீர்க்க வேண்டி நடுவணரசுக்கோ மாநில அரசுக்கோ அவற்றின் எந்த அலுவலர்க்கும், அங்குப் பயிலும் எந்த மொழியிலும் எழுதிக்கொடுக்க ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டு என்கிறது. ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களை நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால் நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் மறுக்கப்பட்டால் முறையீட்டைத் தமிழிலேயே எழுதுக. 'தமிழில் எழுதினால் எடுபடாது' என்று சொல்பவர் பெரும்பாலும் அலுவலர் அல்லர். வாயிலில் நிற்கும் தரகரே.

கிளை அலுவலகங்களில் பணிபுரிவோருள் மிகப் பலர் தமிழரே. 'பீமித் வியக்தி' என்றால் என்ன என்று அவர்களுக்கும் முதலில் தெரிந்திருக்காது. வேண்டுகைப் படிவத்தின் பின்புறத்தில் தமிழில் பத்து வரி அச்சிட்டுத் தர என்ன செலவாகும்? யார்க்கு உரியது, எத்தனை நாளுக்குள் கேட்கவேண்டும், எவ்வெவ் ஆவணங்களின் படி வேண்டும் என்ற பத்து வரிதான். ஈட்டுறுதிக் கழகத்தின் நுங்கம்பாக்கத்து மண்டல அலுவலகத்திற்கு இதனைக் கேட்டு ஒவ்வொரு தொழிற்சங்கமும் எழுதவேண்டும். வடசென்னைத் தமிழ் மன்றங்களும் எழுதவேண்டும். மடலைத் தமிழில் எழுதி, பதிவஞ்சலில் விடுத்து, ஒப்புகை அட்டையைப் பேணிவைக்க வேண்டும்.