கீழ்ப்படிதலுக்குக் கூலியா வீடு?

குடும்பத்தைக் கேள்வி கேட்டாலே போதும், பெண்ணியவாதிகள் வீட்டைக் கலைக்கிறவர்கள் என்கிறார்கள். இளைஞர்களுக்கு வீடு வேண்டாம் என்று நாம் எப்போது சொன்னோம்? காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தர ஒருவர், வேலை போனால் திரும்பி வர ஒரு கதவு, சண்டை போட்ட இரவிலும் எடுத்து வைத்திருக்கும் சோறு: இருபது வயதில் இவை யாருக்கு வேண்டாம்? அந்தத் தேவை அவ்வளவு ஆழமானது என்பதால்தான் அதைக் காட்டி மிரட்ட முடிகிறது.

“சொன்ன பேச்சைக் கேள், இல்லையென்றால் வெளியே போ.” மகனுக்கு இது பெரும்பாலும் கோபத்தில் வரும் சொல். மகளுக்கோ இதுதான் சட்டம். பிறந்த வீட்டில் அவள் ‘இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்’, புகுந்த வீட்டில் ‘வந்தவள்’. சாதி மாறிக் காதலித்தாலும் இன்னொரு பெண்ணை நேசித்தாலும் கதவு சாத்தப்படும், அல்லது அவளை உள்ளே வைத்துப் பூட்டப்படும்.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 23ஆம் பிரிவில், உயில் எழுதாமல் இறந்தவரின் குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்றது. அங்கே வசிக்கும் உரிமையும் மணமாகாத, கைவிடப்பட்ட, கணவனைப் பிரிந்த, கணவனை இழந்த மகள்களுக்கு மட்டுமே. வாழ்வு முறிந்தால்தான் இடம்! 2005இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

2025 மே மாதம், பிறந்த வீட்டில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று கூறி, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பத்தையும் ஏற்றது. வரவேற்கிறோம். ஆனால் தீர்ப்பு பூட்டைத் திறக்கும், வாடகை கட்டாது. வெளியே வந்தவளிடம் வீட்டுக்காரர் சாதி கேட்கிறார், விடுதி அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிறது. எந்தக் கையிலிருந்து தப்பி வந்தாளோ அதே கை!

சாதி மறுத்து மணப்பவர்களுக்காக மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கும்படி 2018இல் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளிடம் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இருக்கிறதென்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நாம் கேட்பது இவைதான்: பெற்றோர் கையெழுத்து கேட்காத விடுதி, சாதி கேட்காத வாடகை வீடு, நள்ளிரவில் தட்டினாலும் திறக்கும் அரசு இல்லம். போக வேறு இடம் இருக்கும் மகளிடம் பெற்றோரும் அன்பாகத்தான் பேசியாக வேண்டும்.