குற்றாலீஸ்வரனா, மிகிர் சென்னா... அப்போ ஆனந்தன்?

தனுஷ்கோடிக் கடலை நீந்தியவர்கள் என்று பேச்செடுத்தால் இரண்டு பெயர்தான் வரும். 1966ல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து 25 மணி 36 நிமிடத்தில் வந்தார். அதே வருடம் ஜிப்ரால்டர், பனாமா என்று இன்னும் நான்கு. 1994ல் குற்றாலீஸ்வரன் 12 வயதிலேயே ஒரே வருடத்தில் ஆறு நீந்தி அதை முறியடித்தார்.

ஐந்தை விட ஆறு பெரிது, ஆகவே குற்றால்தான் மேல் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. (பனாமா கடலே இல்லை, வெட்டிய கால்வாய்!) வயதுக் கணக்கும் நிற்காது, 2019ல் தேனிச் சிறுவன் ஒருவன் 10 வயதிலேயே இந்தக் கடலை நீந்திவிட்டான்.

முதலிடம் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனுக்குத்தான். 1971ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். சரி, எல்லோரும் செய்ததுதான். அவர் திரும்பவும் நீந்தியே போனார்! மொத்தம் 51 மணி நேரம். அதே கடல், அதே இரண்டு கரை, ஒப்பிட இதைவிட நியாயமான இடம் ஏது? கரையைத் தொட்ட உடம்பு படுக்கையைத்தானே கேட்கும்... அவர் மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

ஆங்கிலக் கால்வாயை மற்ற இருவரும் கடந்தார்களே என்பார்கள். உண்மைதான். ஆனந்தன் 1984ல் அதை நீந்தும்போதே இறந்துபோனார். அதற்கு மார்க் குறைப்பவர்களிடம் என்ன பேசுவது?