பக்கத்து போர்ஷன் நேபாளம்



ஒரகடம் பக்கம் வந்தால், ஒரே காம்பவுண்டில் மூன்று நாலு பாஷை கேட்கலாம். கார் கம்பெனிகள் வந்த பிறகு ஒடிஷா, பீகார், அஸ்ஸாம் என்று எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து போர்ஷனில் இருப்பது ஒரு நேபாளக் குடும்பம். அவருக்கு செக்யூரிட்டி வேலை. அவள் தொழிலாளர் விடுதியில் சமையலுக்கு ஒத்தாசை. ஏழு வயதில் ஒரு பையன்.

நேபாளத்துக்காரர்கள் இங்கே வர விசா தேவையில்லை. 1950-இல் செய்துகொண்ட நட்பு ஒப்பந்தப்படி இங்கே வசிக்கலாம், தொழில் செய்யலாம். ஆனால் பள்ளிக்கூடம் என்றதும் தயங்குகிறார்கள்.

"டி.சி. இல்லே தீதி, தமிழும் வராது. யார் சேர்ப்பா?" என்றாள். (தீதி என்றால் அக்கா.) காலையில் பையனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஊரில் பாட்டியிடம் அனுப்பிவிடலாம் என்றும் பேச்சு நடந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு தாய் உறுப்பினர். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது. 6 முதல் 14 வயதுக் குழந்தையை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும். நடு வருஷத்தில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பிலேயே உட்கார வைக்க வேண்டும். தலைமை ஆசிரியை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, "சாயங்காலம் நீங்களே கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுங்களேன்" என்று என்னிடமே ஒப்படைத்துவிட்டார்!

முதல் வாரம் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். நேபாளியில் அம்மாவுக்கு 'ஆமா' என்று பெயர். டீச்சர் "புரிஞ்சுதா?" என்று கேட்க, பையன் கண் கலங்கி "ஆமா" என்றானாம். டீச்சரும் "சமர்த்து" என்று தட்டிக் கொடுத்திருக்கிறார். பாவம், குழந்தை அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறது!

நான் புத்தகத்தில் ஆரம்பிக்கவில்லை. தண்ணீர், சோறு, உப்பு என்று வாயில் புழங்கும் வார்த்தைகள்தான் முதல் பாடம். அவன் பாஷையில் அவன் ஒன்று சொல்ல, தமிழில் நான் ஒன்று சொல்வேன். கேலி செய்த மற்றப் பிள்ளைகளும் இப்போது நேபாளி எண்ணுகிறார்கள். பள்ளியிலேயே காலை உணவு கிடைப்பதால், விடியலில் வேலைக்கு ஓடும் தாய்க்குப் பெரிய நிம்மதி. 2022-இல் தொடங்கிய இந்தத் திட்டம், 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது.

அவளிடம் நான் கற்றது குந்த்ருக். நாம் தூக்கி எறிகிறோமே முள்ளங்கிக் கீரை, அதை வாட்டமாக உலர்த்தி, லேசாக நசுக்கி, காற்றுப் புகாமல் ஜாடியில் அழுத்தி அடைத்து, ஒரு வாரம் போலப் புளிக்க விடுகிறாள். பிறகு வெயிலில் காய வைத்தால் வற்றல் மாதிரி இருக்கும். தக்காளி, வெங்காயம் வதக்கி இதைப் போட்டுக் கொதிக்க விட்டால், நம் ரசத்துக்குத் தங்கை என்று சொல்லலாம்.

காண்ட்ராக்ட் முடிந்தால் இவர்கள் வேறு ஊருக்குப் போகும்படி ஆகலாம். "போகும்போது சாமானோடு டி.சி.யையும் மறக்காம வாங்கிக்கோ" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் உடனே தர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

உங்கள் தெருவிலும் பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குழந்தை இருந்தால், அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். ஜூன் மாதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.