கை அறியாத கற்காலம்

கற்கால மனிதனைப் பற்றி எழுதப்படும் பரீட்சை விடைகளில் ஒரு சொற்றொடர் தவறாமல் இடம்பெறுகின்றது: அவன் ‘கரடுமுரடான கற்கருவிகளைப்’ பயன்படுத்தினான் என்பதே அது. இதனை எழுதுவோரில் ஒரு கல்லையேனும் கையிலெடுத்து முறையாக உடைத்துப் பார்த்தோர் எத்தனை பேர் என்று வினவின், விடை மகிழ்ச்சி தருவதாயிராது. மனிதனின் கையை உருவாக்கியது உழைப்பே என்ற ஏங்கெல்சின் கருத்தை இரண்டு பக்கத்துக்கு விளக்கத் தெரிந்த கலைப்பீட மாணவனுக்கு, அந்தக் கை ஆதியிற் செய்த வேலை எத்தகையது என்பது தெரியாது. தெரியாதிருப்பது குற்றமன்று. அதனைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அது பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு, பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வாத கைவேலை என்று ஒதுக்கிவிடும் மனோபாவமே கண்டிக்கத்தக்கது.

கல்லை உடைத்தல் பலத்தின் காரியம் என்பது முதலாவது தவறான எண்ணம். சக்கிமுக்கிக் கல், சேட், எரிமலைக் கண்ணாடி ஆகியன எத்திசையிலும் ஏறத்தாழ ஒரே தன்மையாய் முறிவன. அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு வடிவிற் பரவ, சிப்பியின் உட்புறம் போல வளைந்த முகத்தோடு ஒரு செதில் பெயர்கின்றது. அடிக்கப்படும் விளிம்பின் கோணம் 90 பாகையிலும் குறைவாக இருத்தல் வேண்டும். மிகுந்தாற் செதில் பெயராது, விளிம்புதான் நொறுங்கும். மெல்லிய விளிம்பை முதலிற் சொரசொரப்பான கல்லால் தேய்த்துப் பலப்படுத்தாவிடின், அது பொடியாகி விசையை விழுங்கிவிடும். விசை நடுவழியில் தளர்ந்தாலோ, செதில் பாதியில் முறிந்து ஒரு படியை விட்டுச்செல்லும்; அடுத்து வரும் செதிலும் அப்படியில் மோதி நின்றுவிடும். ஆதலால், ஒரு கைக்கோடரியைச் செய்தவன் முதலாவது அடியை அடிக்கும்போதே அதற்குப் பின்வரும் பல அடிகளையும் எண்ணியிருக்க வேண்டும். சென்னைக்கு அண்மையிலுள்ள அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. அத்துணை பழைய அக்கருவிகளில் இருபுறமும் ஒத்துச் செதுக்கப்பட்ட விளிம்பைக் கண்ட பின்னரும் ‘கரடுமுரடு’ என்று எழுதுபவன், தன் கண்ணை நம்பாது பழைய குறிப்பேட்டையே நம்புகின்றான்.

இத்தொழிலைப் பயிலப் பெருஞ்செலவு வேண்டும், பிறநாட்டிலிருந்து கருவிகள் வரவேண்டும் என்பது மற்றொரு சாட்டு. வேண்டுவன யாவும் ஒரு வீட்டின் பின்புறத்திற் கிடைப்பனவே. ஆற்றுப்படுகையில் உருண்டு மழமழப்பான, கைக்கு அடங்கும் கூழாங்கல் ஒன்று சுத்தியலாகும். பாலை, கருங்காலி போன்ற வைரமரத்தின் சிறு துண்டொன்று, மெல்லிய செதில்களைப் பெயர்க்கும் மென்சுத்தியலாகும். மேனாட்டு நூல்கள் மான்கொம்பைக் கூறுகின்றன என்பதற்காக, வனசீவராசிகளைக் காக்கும் சட்டமுள்ள நாட்டில் அதனைத் தேடி அலைய வேண்டியதில்லை. தடித்த செப்புக் கம்பியில் விரலளவு துண்டை வெட்டி, மரப்பிடியில் துளையிட்டு இறுக்கி, வெளியே தெரியும் நுனியை அரத்தால் ராவிக் கூராக்கினால், விளிம்பை அழுத்திச் செதில் பெயர்க்கும் கருவி ஆயத்தமாகிவிடும். பிடி முழங்கை வரை நீண்டிருப்பின், மணிக்கட்டு நோகாமல் உடலின் பாரத்தையே விசையாக்கலாம். உள்ளங்கையில் வைக்கப் பழைய தோற்பையின் துண்டு. விளிம்பு தேய்க்க உடைந்த அம்மி. கல்லுக்குப் பதிலாகப் போத்தலின் தடித்த அடிப்பாகம். தொல்லியல் இடங்களிலிருந்து கல்லைப் பொறுக்கிவந்து உடைப்பது சான்றை அழிப்பதாகும். போத்தற் கண்ணாடியோ எவருடைய வரலாற்றையும் அழிப்பதில்லை.

போத்தற் கண்ணாடி என்றதும் முகஞ்சுழிப்போர் இஷியின் வரலாற்றை அறிதல் நன்று. கலிபோர்னியாவின் யாகி மக்களில் எஞ்சிய கடைசி மனிதரான அவர் 1911இல் ஒரோவில் என்னும் ஊரில் வெளிப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவிற் பல்கலைக்கழக நூதனசாலையில் வாழ்ந்து 1916இற் காலமானார். அங்கு வந்தோர் காண, போத்தற் கண்ணாடியில் அவர் செய்த அம்புமுனைகள் இன்றும் உள்ளன. அவற்றுக்கு அவர் கையாண்டது, நீண்ட தடியின் நுனியில் இரும்பு முனை பொருத்திய கருவி. அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதி ஆதிக்குடிகளும் போத்தலிலும், தந்திக் கம்பத்தின் பீங்கான் காவலியிலும் ஈட்டிமுனை செய்தனர். பொருள் மாறிற்று, அறிவு மாறவில்லை.

அறிஞர் உலகம் இவ்வறிவைத் தாமதமாகவேனும் மதித்தது. சோவியத் ஆய்வாளர் செமியோனோவ், கருவிகளைச் செய்து பயன்படுத்திப் பார்த்து, தேய்வுத் தடங்களை ஒப்பிடும் முறையை 1957இல் வெளியான தமது நூலில் விரித்தார். பிரான்சின் போர்ட், அமெரிக்காவின் கிராப்றீ ஆகியோர் 1964இல் லெசேசியில் நடந்த மாநாட்டிற் கல்லுடைத்தே தம் வாதங்களை முன்வைத்தனர். கிராப்றீ பட்டங்கள் பெற்று இத்துறைக்கு வந்தவரல்லர். கையாற் கற்று வந்தவர். 1970களில் தமக்கு நடந்த சத்திரசிகிச்சைக்குத் தாம் செய்த எரிமலைக் கண்ணாடிக் கத்திகளையே வைத்தியர் பயன்படுத்தும்படி செய்தார். உருக்குக் கத்தியினும் நுண்ணிய விளிம்புடையது அக்கண்ணாடி. ‘கரடுமுரடு’ என்ற சொல்லை அங்கே எவரும் உச்சரித்திருக்கமாட்டார்.

எதிர்வாதங்கள் சில நியாயமானவை. அவற்றை மறைப்பதாற் பயனில்லை. செப்பு நுனி கற்காலத்துக்கு உரியதன்று என்பது உண்மையே. முறிவின் இயல்பைக் கை பழகுதற்கு அது போதும். பழைய கருவியின் தடத்தோடு ஒப்பிடும்போது கல், எலும்பு, மரம் ஆகியவற்றுக்கே மாறவேண்டும். இவ்வேறுபாட்டைக் கூறாது கற்பிப்பவன் ஏமாற்றுகின்றான். போலிகள் பெருகும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமுண்டு. ‘பிளின்ற் ஜக்’ எனப்பட்ட எட்வேட் சிம்சன், எளிய இரும்புக் கருவிகளால் தீக்கல் அம்புமுனைகளைச் செய்து இங்கிலாந்தின் சேகரிப்பாளர்களுக்கு விற்றவன். 1862இல் இலண்டனிற் புவியியலாளர் கூட்டமொன்றில் தன் வித்தையை அவனே செய்தும் காட்டினான். ஆயின், அங்கே ஏமாந்தோர் யார்? கல்லை உடைத்தறியாத கனவான்களே. செய்முறை தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். பயிற்சியிற் செய்த ஒவ்வொரு பொருளிலும் ஆண்டைப் பொறித்து, சிதறல்கள் யாவற்றையும் ஒரு துணியிற் சேர்த்து அகற்றினால், எதிர்கால அகழ்வாய்வாளனும் ஏமாறமாட்டான்.

ஆபத்து பற்றிய எச்சரிக்கை மட்டும் முழுமையாக ஏற்கத்தக்கது. இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் துப்பாக்கிகளுக்குத் தீக்கல் செதுக்கிய தொழிலாளர் பலர் கற்றூளைச் சுவாசித்து நுரையீரல் நோயால் இளவயதிலேயே மாண்டனர். அவர்கள் செதுக்கிய கல் பேரரசின் படைகளுக்குச் சென்றது. தூள் அவர்களிடமே தங்கிற்று. ஆகவே மூடிய அறையில் இவ்வேலை கூடாது. திறந்த வெளி, காற்றுக்கு முதுகு காட்டிய இருக்கை, கண்ணுக்குக் கவசம், தூள் புகாத முகமூடி, தடித்த காற்சட்டை என்பன இன்றியமையாதன.

இவையெல்லாவற்றினும் வலுவான காரணம் இலங்கை மண்ணிலேயே உள்ளது. மேனாட்டு நூல்களிலுள்ள வரைபடங்கள் பெரும்பாலும் தீக்கல்லைப் பற்றியவை. இலங்கையின் கற்காலமோ பெரும்பாலும் குவாட்சினால் ஆனது. களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையிற் கிடைத்த நுண்கருவிகள் ஏறத்தாழ 48,000 முதல் 45,000 ஆண்டுகள் பழமையானவை என 2019இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அவற்றுள்ளும் குவாட்ஸே மிகுதி. உள்வெடிப்புகள் நிறைந்த இக்கல் படத்திலுள்ளவாறு முறிவதில்லை. அடிகல்லின் மேல் நிறுத்தி உச்சியில் அடிக்கும்போது, மேலும் கீழும் நசுங்கிப் பிளவுண்டு சிதறும். தீக்கற் செதிலின் புடைப்பும் அலைக்கோடும் இதிற் பலவேளைகளிற் தோன்றா. எனவே, படத்தை மட்டும் பார்த்துப் பயின்ற கண்ணுக்கு மனிதன் செய்த குவாட்ஸ் துண்டு வெறும் பரலாகவும், வெறும் பரல் கருவியாகவும் தோன்றுதல் இயல்பு. உறவினரான சராசன் இருவர் 1907இல் வேடர் வாழ்ந்த குகைகளில் அகழ்ந்து, குவாட்ஸ் கருவிகளைப் பற்றி எழுதி நூறாண்டு கடந்துவிட்டது. அவர்கள் கண்டதைக் கண்டறியும் பயிற்சி அற்ற ஒருவன் அகழ்வுக் குழியிற் சல்லடை பிடித்து நின்றால், எதனை எறிவான், எதனை வைத்துக்கொள்வான்?

கொல்லனிடம் கத்தியை வாங்கிக்கொண்டு அவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்களுக்குக் கைவேலை இழிவாகத் தோன்றுவது வியப்பன்று. ஆயின், அவ்விழிவுணர்ச்சிக்கு விஞ்ஞானத்தின் பெயரைச் சூட்டவேண்டியதில்லை. தொல்லியற் பாடத்திட்டத்தில் இதற்கெனத் தனிக் கட்டடமோ நிதியோ கேட்கப்படவில்லை. தவணையில் இரண்டு பிற்பகல்கள், மரநிழலில் விரித்த ஒரு படங்கு, ஒரு சாக்குக் குவாட்ஸ், உணவுச்சாலையின் பின்புறத்திற் குவிந்து கிடக்கும் வெற்றுப் போத்தல்கள் ஆகியவையே வேண்டுவன. கையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பிளாஸ்ரரும் வைத்திருப்பது நல்லது.