கன்றின் மூச்சும் தோட்டத்தின் வாழ்வும்

தோட்டத் தொழிலாளரின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுவோர் நாட்சம்பளத்தோடு நின்றுவிடுகின்றனர். லயத்தின் பின்புறத்தில் கட்டப்பட்டிருக்கும் பசுவை அவர்கள் காண்பதில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அப்பசுவே சேமிப்பு; பிள்ளையின் பள்ளிச் செலவும் அதன் பாலிலிருந்தே வருவது. அது ஈனும் கன்று மூச்சின்றி விழுமானால், இழப்பு ஒரு கன்றோடு முடிவதில்லை. நாட்டு இனக் கலப்புள்ள பசுக்கள் பல, கன்று அருகில் இல்லாவிடின் பாலை அடக்கிக்கொள்ளும் என்பதை மாடு வளர்ப்போர் அறிவர்.

பிறந்த கன்று ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் மூச்சுவிடத் தொடங்குதல் வேண்டும். ஈற்று நீண்டு இழுபட்டாலும், பின்னங்கால்கள் முன்வந்து கொப்பூழ்க்கொடி நசுங்கினாலும், பிராணவாயு குறைந்து இரத்தத்தில் அமிலம் மிகுகின்றது. மாதம் நிறையாத கன்றாயின் நுரையீரல் விரியும் பக்குவமே பெற்றிராது. வைத்தியருக்குச் சொல்லியனுப்பி, அவர் மலைப்பாதை ஏறி வரும்வரை அக்கன்று காத்திருக்குமா? ஆதலால், முதலுதவி தொழுவத்திலேயே இருத்தல் வேண்டும் என்கிறோம்.

அம்முதலுதவி அரிய வித்தையன்று. மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை உடனே வழித்தெடுத்தல் வேண்டும். நெஞ்சு நிலத்தில் படும்படி கன்றைக் கிடத்தி, பின்னங்கால்களை முன்னோக்கி இழுத்து வைத்தால், இரு நுரையீரல்களும் விரியும். உலர்ந்த சாக்கினால் உடலை அழுத்தித் தேய்த்து, மூக்கினுள் வைக்கோலால் தூண்டி, தலையிற் குளிர்ந்த நீரை ஊற்றினால், பல கன்றுகள் மூச்செடுக்கும்.

கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்போது ஒழுகும் நீரிற் பெரும்பகுதி இரைப்பையிலிருந்து வருவதே. குடலின் பாரமோ நெஞ்சை அழுத்தி மூச்சைத் தடுக்கும். வாயோடு வாய் வைத்து ஊதுவதும் ஆகாது. எலிக்காய்ச்சல் மிகுந்த மாவட்டங்கள் இவை. அந்நோய்க் கிருமி மாட்டின் ஈற்று நீரிலும் இருத்தல் கூடும். இதற்கென முகமூடியோடு கூடிய கைப்பம்பு உண்டு. மின்சாரம் வேண்டாதது அது. சளியை அகற்றிய பின், கழுத்தை நீட்டி, இடப்புறத்தில் உணவுக்குழலை மெல்ல அழுத்திக்கொண்டு இயக்கினால், காற்று வயிற்றுக்குப் போகாது நுரையீரலைச் சேரும்.

ஒரு கன்றுக்காக இத்தனை ஏற்பாடா எனச் சிலர் நகைக்கலாம். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி வற்றியபோது, பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றதை அவர்கள் மறந்தனரோ? வெளிநாட்டுப் பால்மாவுக்குப் பணம் கொடுக்கும் நாடு, உள்ளூர்த் தொழுவத்தின் கன்றைக் காப்பது வீண்செலவாகுமா?

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கால்நடை வளர்ப்பை மாகாணத்தின் பொறுப்பாக்கியது, தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை, உரிமையையே கேட்கிறோம். சப்ரகமுவ மாகாணக் கால்நடைத் துறை ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் சிலருக்குத் தமிழிலேயே இப்பயிற்சியை அளித்தல் வேண்டும். கொழுந்தெடுத்துத் திரும்பிப் புல்லறுத்துப் போடும் பெண்களையும் அதிற் சேர்த்தல் வேண்டும். பிரிவுக்கொரு கைப்பம்பை வாங்கிக் கொடுப்பது தோட்டக் கம்பனிகளின் கடமை.

பேராதனையிற் கற்றுப் பட்டம் பெற்ற நம் கால்நடை வைத்தியர்கள், சிறு கைந்நூலொன்றை எளிய தமிழில் எழுதித் தரலாகாதா? விவசாயிகளும் ஈற்று நெருங்கிய பசுவை இரவில் தனியே விடாதிருத்தல் நன்று. அதிகாரிகள் இனியும் தாமதியாது ஆவன செய்யுமாறு வற்புறுத்துகிறோம்.