விதி செய்யும் அதிகாரம்

சட்டசபை தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை மந்திரிகளிடம் ஒப்படைப்பதை நாம் முற்றிலும் ஆட்சேபிக்கவில்லை. சில்லறை விவரங்களையெல்லாம் சபையே வகுக்க முற்பட்டால் இராஜ்ய காரியம் நடவாது. ஆனால், ஒப்படைக்கும் அதிகாரத்தின் எல்லை சந்தேகத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். இல்லாவிடில் பிரஜையின் சுதந்திரம் மந்திரியின் தயவாகிவிடும்.

இதற்கு நம் தேச சரித்திரமே சாட்சி. 1939-ம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டம், யுத்த காலத்தில் தனக்கு அவசியமென்றோ உசிதமென்றோ தோன்றும் விதிகளைச் செய்துகொள்ளச் சர்க்காருக்கு இடமளித்தது. எவ்வெவ் விஷயங்களில் செய்யலாம் என்று ஒரு ஜாபிதாவும் அதில் இருந்தது. நியாயமான சந்தேகத்துக்கு உள்ளானவரைக் காவலில் வைக்கலாம் என்பது ஜாபிதாவின் வாசகம். சர்க்கார் செய்த 26-வது விதியோ, சர்க்காருக்குத் திருப்தி ஏற்பட்டாலே போதும் என்றது. 1942-ம் வருஷத்து ஆகஸ்ட் இயக்கத்தில் தேசபக்தர் பலர் விசாரணையின்றிச் சிறையில் வாடியது இவ்விதியின் கீழ்தான்.

1943 ஏப்ரலில், கேசவ தால்பதே வழக்கில், ஸர் மாரிஸ் க்வையர் தலைமையில் பெடரல் கோர்ட் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. சில தினங்களுக்குள் வைஸ்ராய் அவசரச் சட்டம் பிறப்பித்து, மூலச் சட்டத்தையே திருத்தி, பழைய உத்தரவுகளுக்கும் உயிரளித்தார். 1945-ல், சிப்நாத் பானர்ஜி வழக்கில் பிரிவி கௌன்ஸில் ஒருபடி மேலே சென்றது. ஜாபிதாவின் தலைப்பில் "பொது அதிகாரத்துக்குப் பங்கமின்றி" என்ற சொற்றொடர் இருப்பதால், ஜாபிதா வெறும் உதாரணமே, சர்க்காரைக் கட்டுப்படுத்தாது என்று அது கூறிற்று. வேலி என்று எண்ணியது வெறுங் கோலமாயிற்று!

அன்னிய ஆட்சி 1947-ல் அகன்றது, அச்சொற்றொடர் அகலவில்லை. நம் பார்லிமெண்ட் இயற்றும் சட்டங்களில் விதி செய்யும் பிரிவைப் புரட்டினால் இன்றும் அதைக் காணலாம். சட்டத்தின் அடிப்படைக் கொள்கையை வகுக்கும் பொறுப்பைச் சபை கைவிடலாகாது என்று 1951-ல் சுப்ரீம் கோர்ட் அபிப்பிராயம் தெரிவித்தது. கொள்கை பிரதானந்தான், ஆனால் அதைக் காப்பது வாசகமே.

விதி செய்யும் பிரிவு பெரும்பாலும் மசோதாவின் கடைசிப் பக்கங்களில் ஒதுங்கிக் கிடக்கும். நம் பிரதிநிதிகள் அதையே முதலில் படிக்க வேண்டும். எந்த விஷயத்தில், எந்த நிபந்தனையின் மேல், எதுவரையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான விடை அங்கே இல்லையேல், திருத்தம் கோர வேண்டும். நல்ல மந்திரியை நம்பி எழுதிய சட்டம் நாளை பொல்லாத மந்திரியின் கையிலும் இருக்கும் என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.